இருப்புப் பதிவேடு, பக்கம் பதினாலு

இடவப்பாதி தொடங்கினால்
அருமனை கிராம அலுவலகத்தில் காகிதம் வீங்கும்.
அடங்கல் அடைபோல் கனக்கும்.
ஸ்டாம்பின் ஊதா மை
மூன்று பக்கம் ஊறிப் போய்
சம்பந்தமே இல்லாத ஒருவரின் வாரிசுச் சான்றுக்கு
ஒப்புதல் கொடுத்துவிட்டிருக்கும்.

நான் கிறிஸ்டல் பாய். உதவியாளர்.
எனக்கு முன்னிருந்தவர்கள் விட்டுப்போனது
பச்சை பீரோ ஒன்று; கைப்பிடி இல்லை,
கரண்டிக் காம்பால் நெம்பினால் திறக்கும்.
சோப்புப் பெட்டி நிறைய குண்டூசி,
துருவில் ஒட்டி ஒரே முள்ளம்பன்றிக் குட்டியாய்.
மனுக்களை நெஞ்சில் குத்தி நிறுத்த ஒரு கம்பி.
மலையாளத்தில் எழுதிய நாற்பது கட்டு.
அதை வாசிக்க மேல்புறத்திலிருந்து ஒருவர் வருவார்,
கூலி சாயாவும் பழம்பொரியும்.
மிச்சத்தை வாசிப்பது சிதல்.

றசலையன் வருவது வியாழக்கிழமை.
ஆறேகால் சென்ட், பட்டா மாறுதல்.
"பிள்ளே, வல்லதும் கிடைச்சுதா?"
"தேடுதேன்."
இப்படி இருபத்தொரு வியாழன்.

வெல்டிங் பட்டறைக்காரர்.
ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலருக்குப் பல் கட்டுகிறவர்.
இருபத்திரண்டாம் வியாழன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை,
பீரோவையே பார்த்துக்கொண்டு நின்றார்.
"அடுக்கி வச்சா அழுகத்தான் செய்யும்.
ஷீட்டை எவனாவது அடுக்கியா காயப்போடுவான்?"

அடுத்த வாரம் ஆட்டோவில் வந்து இறங்கியது.
சைக்கிள் ரிம் இரண்டு, நடுவே தண்டு,
சுற்றிலும் முப்பத்தாறு கம்பி,
கம்பிதோறும் துணி உலர்த்தும் கிளிப்.
ஒட்டுப்பாலில் வெட்டிய எண் வில்லைகள்,
தொட்டால் இன்னும் தோட்டத்து வாடை.
அடியில் ஒரு குண்டு பல்பு.
"இது புகைப்புரை. புகை இல்லாத்தது."
விரலால் ஒரு தள்ளு:
சர்வே எண் நூறு போய் இருநூறு வந்தது.

மூன்று நாள் பிரித்துப் பிரித்துத் தொங்கவிட்டேன்.
சாயாப் பாத்திரத்து ஆவியில் காட்டித்தான்
சில தாள்கள் ஒன்றையொன்று விட்டன.
அப்படித்தான் அவர் மனு வந்தது,
லீலாபாயின் கிணறு மானிய மனுவுக்குப் பின்னால் ஒட்டி.
படம் இருந்த கட்டம் வெறும் வெள்ளை.
முகம் அந்தம்மாவின் தாளுக்குக் குடிபோயிருந்தது,
இடக்கன்னத்து மச்சம் வலக்கன்னத்தில்.

வெகுநேரம் பார்த்தார்.
"ஒரு வருஷமா இஞ்சதான் இருந்திருக்கேன், என்னா?"
பிறகு,
"அவளுக்குக் கிணறு கிடைச்சுதா?"
எப்படிக் கிடைக்கும்.
இவர்தான் அதை அப்பிப் பிடித்துக்கொண்டு கிடந்தாரே.

தணிக்கைக்கு வந்தவர் சக்கரத்தின் முன் நின்றார்.
எந்தத் தலைப்பில் வாங்கியது?
வாங்கவில்லை சார்.
அப்படியானால் நன்கொடை. நன்கொடைக்குக் கோப்பு?
கோப்பு தொடங்கினேன்.
அது முப்பத்தாறாம் கம்பியில் தொங்குகிறது,
தன்னைத் தாங்குவதைப் பற்றிய
பதினொரு பக்க விளக்கம்.

இருப்புப் பதிவேட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.
சக்கரம் என்றால் வண்டி எங்கே என்பார்கள்,
அலமாரி என்றால் கதவு எங்கே.
பல்பு இருப்பதால் மின்சாதனமோ?
பேனா மூடியைக் கடித்துக்கடித்து
கடைசியில் எழுதினேன்:
பொருளின் பெயர், றசலையன்.
எண்ணிக்கை, ஒன்று.
நிலை, சுழல்கிறது.
யாரும் ஆட்சேபிக்கவில்லை.
யாரும் வாசிக்கவுமில்லை என்று நினைக்கிறேன்.

அவர் மனு இப்போது குழித்துறையில்.
அங்கே பீரோதான்.
வியாழக்கிழமை வருகிறார்,
பட்டாவைப் பற்றிப் பேச்சே இல்லை.
எண்ணெய்க் குப்பியைச் சாய்த்து
அச்சில் இரண்டு சொட்டு விடுகிறார்,
காதை வைத்துக் கேட்கிறார்,
"கொள்ளாம்" என்று சொல்லி
மழைக்குள் இறங்கிப் போகிறார்.